மல்லாவி மட்டும்

என்ரை ஓட்டோவிலை பாட்டு இல்லை.
ஏறமுதலே சொல்லிப்போடுவன்.
மாங்குளம் சந்தியிலையிருந்து மல்லாவி மட்டும்
பின்னணி இசை மட்டும்.

ஆர் பாடினது, ஆர் ஆடினது எண்டு
என்னட்டைக் கேட்காதேங்கோ.
அவள் கடிதத்தை மடிக்கேக்கை
பின்னாலை என்ன கேட்டது எண்டு கேளுங்கோ.
அதுக்கு மறுமொழி இருக்கு.

அழுகிற முகத்துக்கு வயலின் போடுறவனை
என்ரை கண்ணிலை காட்டக்கூடாது.
அழுகிறது தெரியுதுதானே?
கறிக்கு உப்புப் போடலாம்.
உப்புக்கும் உப்புப் போடுறான்.

ரீவி நாடகம் இன்னும் மோசம்.
மாமி திரும்பிப் பாத்தா ஒரு இடி,
மருமகள் பாத்தா ஒரு இடி,
வாசலிலை கிடந்த செருப்புக்கு மூண்டு.
இவ்வளவும் வவுனிக்குளத்துக்கு மேலை இடிச்சிருந்தா
நாங்கள் வருசத்துக்கு மூண்டு போகம் விதைச்சிருப்பம்.

சந்திக் கடைக் குலவீரசிங்கம் சொல்லுவான்:
'பாட்டு இல்லாட்டி அது என்னடா இசை,
சோறில்லாத சொதி மாதிரி.'
சொதியை ஒருக்காத் தனியக் குடிச்சுப் பாரடா எண்டன்.
அண்டையிலையிருந்து எனக்குக் கடன் தேத்தண்ணி இல்லை.

ஒரு படத்திலை ஒருத்தன் சாவி தேடுவான்.
பொக்கற்றிலை, மேசைக்குக் கீழை, திரும்பவும் பொக்கற்றிலை.
வேறை ஒண்டும் நடக்காது.
அந்த இடத்துக்கு ஒரு மகராசன்
ஆர்மோனியத்தைத் திறந்து, ஒரு கட்டையும் அமத்தாமல்,
காத்தை மட்டும் விட்டிருக்கிறான்.
பதினொரு செக்கன்.
கடைசியிலை ஓடுற பேருகளுக்குள்ளை தேடினன்.
சாப்பாடு குடுத்தவை இருக்கினம்,
மாடு குடுத்தவர் இருக்கிறார்,
அவன் இல்லை.

எங்கை பழகினது எண்டு கேட்பியள்.
மினிசினிமாவிலை சனரேற்றர் பாத்தவன் நான்.
படம் கொட்டிலுக்கு முன்னாலை,
நானும் மண்ணெண்ணையும் பின்னாலை.
கதைக்கிறதெல்லாத்தையும் எஞ்சின் திண்டுபோடும்.
தட்டியைத் தாண்டி வந்தது இசைதான்.
கதையை நான் கட்டினன்.
கலியாணம் எண்டு நான் வைச்சிருந்த ஒரு இடம்
பத்து வருசத்துக்குப் பிறகு பாத்தா, கொலை.
படத்திலைதான் பிழை.
எனக்கு அது இப்பவும் கலியாணம்.

போன மாரியிலை ஒரு பின்னேரம்
யோகநிதி அக்கா ஏறினவ, மருந்துப் பையோடை.
அண்டைக்குத்தான் புதுசா ஒண்டு போட்டனான்.
துப்பறியிற தொடர்.
தொடக்கத்திலை ஒரேயொரு சுரம்,
அடியிலை, நூல் மாதிரி, அறாமல், அறாமல்.
இப்பிடி ஒரு பொறுமை எவனுக்கு வரும்?
கண்ணாடியாலை பாத்துக்கொண்டே சொல்லுறன்:
'அக்கா, பத்துச் செக்கன் பொறுங்கோ,
மேலை ஒரு புல்லாங்குழல் வரும்.'

கண்ணாடியிலை அக்கா இல்லை.
சீற்றுக்கும் கம்பிக்கும் நடுவிலை குந்தியிருக்கிறா.
பை தலைக்கு மேலை.
'தம்பி, வண்டு நிக்குது.'

வன்னியிலை வண்டெண்டா பூச்சி இல்லை.

நிப்பாட்டினன்.
மிச்ச ஏழு கிலோமீற்றரும் எஞ்சின் சத்தம்தான்.
இறங்கேக்கை சேலையைத் தட்டிப்போட்டு
கணக்காக் காசு தந்தா.
மிச்சம் வாங்கேல்லை, கோவிக்கவும் இல்லை.
என்ரை ஓட்டோவிலை இவ்வளவு நாளிலை
இசையை ஒழுங்காக் கேட்டது அவ ஒராள்தான்.

அந்த இசைக்காரனை ஏச ஏலாது.
குளிர் அறையிலையிருந்து செய்திருப்பான்,
பயம் வரவேணும் எண்டு கேட்டிருப்பினம்,
வரப்பண்ணியிருக்கிறான்.
சரியாச் செய்திருக்கிறான்.
அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.

திரும்பி வரேக்கை, வன்னிவிளாங்குளம் தாண்டி,
தனியத் திரும்பப் போட்டன்.
பத்தாவது செக்கனிலை புல்லாங்குழல் வந்தது.
நல்ல புல்லாங்குழல்.
ஆனா ஒம்பதாவதிலை நான்
தலையை வெளியிலை நீட்டி
மேலை பாத்துப்போட்டன்.

வெறும் வானம்.
நல்லாத்தான் போட்டிருக்கிறான், விசரன்.